மாத்திரையை நிறுத்திவிட்டுக் கோயிலுக்குப் போகாதீர்கள்: மனநோயில் குடும்பங்கள் செய்யும் தவறுகள்

வீட்டில் ஒருவர் இரவெல்லாம் தூங்காமல் தனக்குத்தானே பேசுகிறார்; சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுகிறார். திருநெல்வேலிச் சீமையில் இப்படி நடந்தால் பெரும்பாலான குடும்பங்கள் முதலில் மருத்துவமனையைத் தேடுவதில்லை. சுடலைமாடன் கோயில் சாமியாடியிடம் குறி கேட்பார்கள். உவரி அந்தோணியார் கோயிலுக்கோ பொட்டல்புதூர் தர்காவுக்கோ அழைத்துச் செல்வார்கள். இதில் எனக்குக் குறை ஒன்றும் தோன்றவில்லை. கண்மூடாமல் பிள்ளையைக் காத்துக் கிடந்த தாய்க்கு அங்கேதான் கொஞ்சம் தெம்பு கிடைக்கிறது.

தவறு, “நேர்ச்சை முடியட்டும், அப்புறம் டாக்டரைப் பார்ப்போம்” என்று மாதங்களைத் தள்ளிப்போடுவதில் இருக்கிறது. மனச்சிதைவு நோயில் (இல்லாத குரல் கேட்பது, காரணமில்லாமல் சந்தேகப்படுவது) சிகிச்சை தள்ளிப்போகப் போக, குணமாவதும் கடினமாகிறது. அதைவிடப் பெரிய தவறு, ஏற்கெனவே சாப்பிட்டுவரும் மாத்திரையை விரதத்துக்காக நிறுத்துவது. தாயத்து கட்டிய கையிலேயே மாத்திரையையும் கொடுக்கலாம். ஒன்றுக்காக மற்றதை விட வேண்டியதில்லை.

கட்டிவைப்பது மட்டும் எந்த நம்பிக்கையின் பெயராலும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் (நாங்குநேரிப் பக்கத்து ஏர்வாடி அல்ல, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி) ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது.

குடி தொடர்பான ஓர் ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை. பல வருடங்களாகத் தினமும் நிறையக் குடிப்பவர் ஐயப்பனுக்கோ திருச்செந்தூருக்கோ மாலை போட்டுவிட்டு, அன்றே ஒரேயடியாக நிறுத்துகிறார். முதல் இரண்டு நாளுக்குள் கை நடுக்கமும் வியர்வையும் வரலாம், வலிப்புகூட வரலாம். இரண்டு மூன்று நாளில் பூச்சி ஊர்கிறது, ஆள் நிற்கிறது என்று கூச்சலிடக்கூடும். நேரமும் இடமும் குழம்பும். வீட்டார் அருள் வந்துவிட்டது என்றோ, காத்துக் கருப்பு என்றோ நினைத்து வேப்பிலை அடித்துக்கொண்டிருப்பார்கள். இது உயிரைப் பறிக்கக்கூடிய அவசர நிலை. உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். மாலை போடுவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்தால், மருந்தின் துணையோடு பாதுகாப்பாக நிறுத்தலாம். ஆளுக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கும் குடிமறப்புப் பொடிகளை வாங்காதீர்கள். சில குடிமறப்பு மருந்துகள் உடலில் இருக்கும்போது மது அருந்தினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

மாத்திரை விஷயத்தில் அவசரமும் பயமும் சேர்ந்து கெடுக்கின்றன. மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பத்தாம் நாள் “பலன் இல்லை” என்று நிறுத்துகிறார்கள். பலன் தெரிந்தவர்களோ “சரியாகிவிட்டதே, இனி எதற்கு?” என்று நிறுத்துகிறார்கள். நன்றாகத் தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும். எப்போது, எப்படிக் குறைப்பது என்பதை மருத்துவர் சொல்லட்டும். “பழகிவிடும்” என்ற பயமும் தவறான இடத்தில் இருக்கிறது. மனச்சோர்வு, மனச்சிதைவு மாத்திரைகளுக்கு யாரும் அடிமையாவதில்லை. மெடிக்கலில் சீட்டு இல்லாமல் மாதக்கணக்கில் வாங்கும் சில தூக்க மாத்திரைகளுக்குத்தான் அடிமையாகிறார்கள்.

அடுத்தது எனக்கு மிகுந்த வேதனை தருவது. “ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்று நோயை மறைத்துப் பெண்ணையோ பையனையோ கட்டிக்கொடுப்பது. கோட்டி என்று ஊர் சொல்லிவிடுமே என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நடப்பது என்ன? புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்துவைக்க முடியாமல் அந்தப் பெண் நிறுத்திவிடுகிறாள். தூக்கம் கெட்டு, சில வாரங்களில் நோய் திரும்புகிறது. இன்னொன்றும் உண்டு. அளவுகடந்த உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய்க்குக் கொடுக்கும் வால்புரோயேட் போன்ற மருந்து வயிற்றில் வளரும் சிசுவைப் பாதிக்கும். கருத்தரிக்கும் முன்பே மருந்தை மாற்ற வேண்டும். மறைத்துக் கட்டிய கல்யாணத்தில் இதை யார் யாரிடம் கேட்பது? மணம் பேசும்போதே சொல்லிவிடுங்கள். நோய் கட்டுக்குள் இருப்பவர்கள் நல்லபடியாகக் குடும்பம் நடத்துகிறார்கள்.

முக்கூடல், ஆலங்குளம் பக்கம் நாள் முழுதும் குனிந்து பீடி சுற்றும் பெண்கள் தலைபாரம், நெஞ்சடைப்பு, உடல் எரிச்சல் என்று ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுக்கிறார்கள். எல்லாம் சரியாக இருந்தும் வேதனை தீரவில்லையென்றால் மனச்சோர்வையும் நினைத்துப்பாருங்கள். தைராய்டு சோதனை ஒன்று செய்வது நல்லது. அதன் குறைபாடும் இதே போலக் காட்டும். பிரசவமான இரண்டு வாரத்துக்குள் தாய் தூங்காமல், சம்பந்தமில்லாமல் பேசினால் அது அவசரம். அன்றே கூட்டிச் செல்லுங்கள். தாயையும் குழந்தையையும் தனியே விடாதீர்கள்.

“சாகலாம் போலிருக்கிறது” என்று ஒருவர் சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. சொல்ல ஓர் ஆள் கிடைத்ததே என்ற ஆறுதல்தான் வரும். வாழைக்கும் நெல்லுக்கும் வாங்கிய பூச்சிமருந்தை வீட்டுக்கு வெளியே பூட்டி வையுங்கள். முயன்று பிழைத்தவரைப் போலீஸ் பிடிக்கும் என்று பயந்து மருத்துவரிடம் பொய் சொல்ல வேண்டாம். அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது அதே 2017 சட்டம்.

எங்கே போவது? பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்து இலவசம். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர்கள் தாலுகா மருத்துவமனைகளுக்கும் வருகிறார்கள். உங்கள் ஊருக்கு எந்தக் கிழமை என்று அங்கேயே கேட்டு வையுங்கள், வீணாகப் பஸ் ஏற வேண்டியிருக்காது. 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104-ம் உண்டு. போகும்போது பழைய சீட்டுகளையும், நோய் எப்போது தொடங்கியது, தூக்கம் எத்தனை மணி நேரம் என்ற குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள். நோயாளி வர மறுத்தால் சோற்றில் மாத்திரையைக் கலக்காதீர்கள். தெரிந்துபோனால், சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்ற சந்தேகம் நிலைத்துவிடும். முதல் தடவை வீட்டார் மட்டும் போய் மருத்துவரிடம் பேசுங்கள். நோயாளியை எப்படி அழைத்து வருவது என்பதற்கும் மருத்துவரிடம் வழி இருக்கிறது.