லூப் பெடல் பட்டன்: மிதித்த நொடியே வேலை நடக்க

வாசிப்பதைப் பதிவுசெய்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் லூப் பெடலைச் சொந்தமாகச் செய்கிறவர்கள் முதலில் சறுக்குவது பட்டனில்தான். ஒருமுறை மிதித்தால் அப்படியே நிற்கிற லாட்சிங் சுவிட்ச் வேண்டாம், அழுத்தும்போது மட்டும் இணைகிற மொமென்டரி சுவிட்ச் வாங்குங்கள். ஒரு முனை கிரவுண்டுக்கு, மறுமுனை ஆர்டுயினோ (பெடலை இயக்கும் சிறு கணினிப் பலகை) பின்னுக்கு. ஆர்டுயினோவுக்கு உள்ளேயே இருக்கும் புல்அப்பை (மிதிக்காதபோது பின்னை உயர் மின்னழுத்தத்தில் பிடித்துவைக்கும் ரெசிஸ்டர்) ஆன் செய்தால் தனி ரெசிஸ்டர்கூடத் தேவையில்லை.

சுவிட்சின் தகடுகள் தொடும்போது சில மில்லிசெகண்ட் துள்ளும், ஒரு மிதி நாலு மிதியாகப் பதிவாகும். துள்ளல் அடங்கட்டும் என்று 20 மில்லிசெகண்ட் காத்திருந்து ரெக்கார்டிங்கைத் தொடங்கினால் பாட்டின் முதல் தட்டே வெட்டுப்படும். முதல் தொடுதலிலேயே தொடங்கிவிட்டு, அடுத்த 20 மில்லிசெகண்டில் வருவதைக் கண்டுகொள்ளாதீர்கள்.

நீண்ட அழுத்தத்தில் லூப்பை அழிக்க வேண்டுமா? சரி, ஆனால் அதற்காகக் கால் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். மிதித்ததும் ஓவர்டப் (இருக்கும் லூப்பின் மேல் புதிதாகப் பதிவது) ஓடட்டும், 1 நொடி தாண்டியும் கால் அங்கேயே இருந்தால் அதையும் சேர்த்து அழித்துவிடலாம். லூப்பை நிறுத்த டபுள் டேப் (அடுத்தடுத்து இருமுறை மிதிப்பது) எனக்குப் பிடிக்காது, அதற்குத் தனி பட்டனே மேல்.

அப்புறம், காரைக்குடி வீட்டில் சோதித்தபோது ஆத்தங்குடிக் கல்லின் வழுவழுப்பில் பெட்டியே முன்னால் ஓடிவிட்டது. அடியில் ரப்பர் ஒட்டுங்கள்.