போலந்தில் 'குர்வா' காதில் விழுந்தால்

வ்ரோத்ஸ்வாஃப் நகரில் கிடங்கு வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். அடுக்கி வைத்த பெட்டி சரிந்ததும் பக்கத்தில் நின்றவர் 'குர்வா!' என்று கத்தினார். என்னைத்தான் திட்டுகிறார் என்று முகம் சுண்டிப்போனேன். அவர் திட்டியது பெட்டியை.

ஆகவே, சொல் யார் மேல் விழுகிறது என்று முதலில் கவனியுங்கள். தனியாக வந்தால் எரிச்சல் அல்லது வலி. வாக்கியத்துக்கு நடுவே அடிக்கடி வந்தால், பேசுபவருக்கு அது காற்புள்ளி மாதிரி. ஒரு பெண்ணைப் பார்த்துச் சொன்னால் மட்டும் 'வேசி' என்ற பழைய பொருள் முழுசாக எழுந்து வரும். அதைச் சாதாரணப் பேச்சு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அந்தக் காயம் பழையது. ரஷ்யாவின் நோவ்கரத் நகரில் கிடைத்த, சுமார் 800 ஆண்டுப் பழமையான பிர்ச் மரப்பட்டைக் கடிதம் ஒன்றில் (எண் 531) அன்னா என்ற பெண், தனக்காகப் பேசும்படி தன் சகோதரனை வேண்டுகிறாள். தன்னைக் 'குர்வா' என்றும் மகளை 'ப்லியாத்' (இதுவும் 'வேசி' என்ற வசைதான்) என்றும் ஒருவன் ஏசியதுதான் அவள் முறையீடுகளில் ஒன்று. அதைப் படித்த நாளிலிருந்து இந்தச் சொல்லை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

'குர்வா' என்பது, 'வளைந்த' என்று பொருள்படும் 'curva' என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். ஒலி ஒற்றுமை தற்செயல்தான். கோழியைக் குறிக்கும் ஸ்லாவிய வேரோடு இணைப்பதே பரவலான விளக்கம். போலிஷில் இன்றும் பெட்டைக்கோழி 'குரா'.

எல்லை தாண்டினால் எடை மாறும். செக், ஸ்லோவாக் மொழிகளில் போலிஷ் போலவே எரிச்சலுக்கும் வரும். செர்பிய, குரோஷிய மொழிகளில் பெரும்பாலும் நேரடி வசை. ரஷ்யர்களுக்கு 'ப்லியாத்'தான் கனமான சொல். அதன் பழைய பொருள் பொய், ஏமாற்று. அதே வேரில் பிறந்த போலிஷ் 'ப்வோந்த்' வெறும் 'பிழை'. கணினித் திரையில் கண்டால் பதற வேண்டாம்.

நீங்கள் சொல்லாமலிருப்பதே நல்லது. பொது இடத்தில் ஆபாசச் சொல் பேசினால் போலந்துச் சிறுகுற்றச் சட்டத்தின் 141-ஆம் பிரிவுப்படி 1,500 ஸ்வோத்தி வரை அபராதம் விழலாம். வாய் அடங்காதபோது 'குர்தே' அல்லது 'குர்ச்சே' போதும். 'குர்ச்சே' என்றால் கோழிக்குஞ்சு. எங்கள் கிடங்கில் மூத்த அம்மா ஒருவர் விரல் நசுங்கினாலும் அதைத்தான் சொல்வார். நானும் அவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.