வெளி ஹார்டு டிஸ்க்கில் லினக்ஸ் போடும்போது எங்கே சொதப்புகிறோம்

லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி மாற்றியதும் மிஞ்சும் பழைய 2.5 இன்ச் ஹார்டு டிஸ்க்கை ஒரு கேஸில் போட்டு, யூஎஸ்பியில் செருகி, உபுண்டு போட்டுப் பார்க்கலாம் என்று பலருக்கும் தோன்றும். விண்டோஸ் உள்ளே பத்திரமாக இருக்கிறது, இது தனி டிஸ்க், என்ன ஆகிவிடப் போகிறது என்ற தைரியம். லினக்ஸ் என்னவோ வெளி டிஸ்க்கில்தான் உட்காரும், ஆனால் அதைக் கிளப்பிவிடும் கிரப் பூட்லோடர் லேப்டாப்புக்குள் இருக்கும் டிஸ்க்கில், பூட் கோப்புகளுக்கென்றே இருக்கும் விண்டோஸின் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் போய் ஏறிவிடும். மறுநாள் வெளி டிஸ்க்கைக் கழற்றிவிட்டு லேப்டாப்பை ஆன் செய்தால் விண்டோஸும் வராது, லினக்ஸும் வராது. கறுப்புத் திரையில் 'கிரப்' என்ற வார்த்தையும் பக்கத்தில் மினுக்கும் கர்சரும்தான். பதறி விண்டோஸை மறுபடி போட்டுவிடாதீர்கள், அது அழியவில்லை. லேப்டாப்பின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய் பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே ஏற்றினால் பெரும்பாலும் வந்துவிடும்.

இதில் எரிச்சல் என்னவென்றால், உபுண்டு 22.04 வரையிலான நிறுவியில் பார்ட்டிஷன் திரையின் அடியில் பூட்லோடரை எந்த டிஸ்க்கில் போட வேண்டும் என்று கேட்கும் பெட்டி ஒன்று இருக்கிறது. நாமும் கவனமாக வெளி டிஸ்க்கைத்தான் காட்டுவோம். பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ முறையில் அது நம் பேச்சைக் கேட்காமல் முதல் டிஸ்க்கின் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கே போகும். பல வருடப் பழைய வழு இது. அதனால் நிறுவுவதற்கு முன்பே லைவ் உபுண்டுவில் (நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓடும் உபுண்டு) ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் கருவியைத் திறந்து, உள் டிஸ்க்கின் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனிலிருந்து 'பூட்', 'இஎஸ்பி' என்ற கொடிகளை (அது பூட் பார்ட்டிஷன் என்று காட்டும் அடையாளங்களை) எடுத்துவிடுங்கள். வெளி டிஸ்க்கில் 500 எம்பி அளவுக்கு ஃபேட்32 பார்ட்டிஷன் ஒன்று உண்டாக்கி அதற்கு அந்தக் கொடிகளைக் கொடுங்கள். வேலை முடிந்ததும் உள் டிஸ்க்கில் எடுத்ததைத் திரும்ப வைக்க வேண்டும், பலர் மறப்பது இதைத்தான். பின்மூடியைத் திறக்கத் தெரிந்தவர்கள் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியையே கழற்றி வைத்துவிட்டு நிறுவலாம், என்னைக் கேட்டால் அதுதான் நிம்மதி.

அப்புறம், அந்த டிஸ்க்கை வேறு லேப்டாப்பில் செருகினால் எழவில்லை என்ற புகார். உங்கள் லேப்டாப்பின் பூட் பட்டியலில் இருக்கும் 'உபுண்டு' என்ற பதிவு அந்த மதர்போர்டின் நினைவகத்தில் இருப்பது, டிஸ்க்கோடு கூடவே போகாது. புது மெஷின் வெளி டிஸ்க்கில் 'ஈஎஃப்ஐ' ஃபோல்டருக்குள் இருக்கும் 'பூட்' ஃபோல்டரில் 'பூட்எக்ஸ்64' என்ற கோப்பைத்தான் தேடும். கிரப்பை 'ரிமூவபிள்' என்ற தேர்வோடு நிறுவினால் அந்தக் கோப்பு அங்கே வந்துவிடும்.

நிறுவ ஆரம்பிக்கும்போது பூட் மெனுவில் உபுண்டு பென்டிரைவ் ஒன்றே இரண்டு முறை தெரிந்தால் 'யூஇஎஃப்ஐ' என்று முன்னால் போட்டிருப்பதையே தேர்ந்தெடுங்கள். ஒரு ஓஎஸ்ஸை அப்படியும் இன்னொன்றைப் பழைய லெகசி முறையிலும் போட்டால் ஒரே கிரப் மெனுவிலிருந்து இரண்டையும் கிளப்ப முடியாது. டிஸ்க்கில் பார்ட்டிஷன்களைக் குறித்து வைக்கும் பழைய எம்பிஆர் அட்டவணை இருந்தால், பிரைமரி பார்ட்டிஷன் நான்குக்கு மேல் போகாது. டேட்டாவை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு ஜிபிடி என்ற புது வகை அட்டவணைக்கு மாற்றிவிடுவது நல்லது.

விண்டோஸையும் வெளி டிஸ்க்கிலேயே போடலாமா என்றால், அதன் நிறுவி யூஎஸ்பி டிஸ்க்கில் போட மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். யூஎஸ்பியிலிருந்தே விண்டோஸை ஓட்ட விண்டோஸ் 8 காலத்தில் வந்த 'விண்டோஸ் டு கோ' வசதியை விண்டோஸ் 10-இன் '2004' என்ற எண்ணுள்ள பதிப்போடு தூக்கிவிட்டார்கள். ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளை வைத்துச் செய்யலாம்தான், ஆனால் சுற்றும் ஹார்டு டிஸ்க்கில் அது ஊர்ந்து ஊர்ந்து உயிரை வாங்கும்.

கையொப்பமில்லாத பூட்லோடரைத் தடுக்கும் செக்யூர் பூட்டில் கை வைக்கும் முன், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை விண்டோஸ் அதைக் கேட்டு நிற்கலாம். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் நிறுத்திவிடுங்கள். அது இயங்கும்போது ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும், அந்த நேரத்தில் லினக்ஸிலிருந்து சி டிரைவில் எழுதப் போனால் ஒன்று எழுத விடாது, இல்லையென்றால் கோப்புகள் கெட்டுப்போகும்.

லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வரும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருந்தால் பேட்டரியை மாற்ற ஓடாதீர்கள். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடும்.