வடக்கு ஒன்றல்ல: காந்தத் துருவங்கள் பற்றித் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திசைகாட்டியின் ஊசி வடதுருவத்தைக் காட்டும் என்பது பள்ளியிலேயே மனத்தில் பதிந்துவிடுகிறது. அது பாதிதான் சரி. எந்த வடதுருவம் என்று யாரும் கேட்பதில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று கேட்பவர் அதைவிடக் குறைவு.

பூமி தன்னைத்தானே சுற்றும் அச்சு மேற்பரப்பைத் தொடும் இடம் புவியியல் துருவம். தீர்க்கரேகைகள் எல்லாம் வந்து கூடுவது அங்கேதான். காந்தத் துருவம் வேறு: பூமியின் காந்தப்புலம் தரைக்குச் செங்குத்தாக நிற்கும் இடம் அது. மேலும் கீழும் ஆடும்படி பொருத்திய காந்த ஊசி அங்கே நெட்டுக்குத்தாக நிற்கும். 1831 ஜூன் 1 அன்று, கனடாவின் வடகோடியில் உள்ள பூத்தியா தீபகற்பத்தில், பிரிட்டிஷ் கடலோடி ஜேம்ஸ் கிளார்க் ராஸின் ஊசி காட்டிய சரிவு 89 பாகை 59 கலை (ஒரு பாகைக்கு 60 கலை). செங்குத்துக்கு ஒரே ஒரு கலைதான் குறைவு. கிடைமட்டத் திசைகாட்டியோ எந்தப் பக்கமும் திரும்ப மறுத்தது. துருவத்தை அடைந்துவிட்டோம் என்று அவர் முடிவு செய்தது இதை வைத்துத்தான்.

ராஸ் நின்ற இடத்தில் இன்று துருவம் இல்லை. அது ஆர்க்டிக் பெருங்கடலைக் கடந்து, சைபீரியாவின் பக்கம் 86 பாகை வட அட்சத்துக்கு அருகே இருக்கிறது. புவியியல் வடதுருவத்திலிருந்து 450 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி.

இரண்டு காந்தத் துருவங்களும் நேரெதிரே இருக்கும் என்று நினைப்பது அடுத்த தவறு. தெற்கில் உள்ளது சுமார் 64 பாகை தென் அட்சத்தில், அண்டார்டிகாவுக்கு வெளியே கடலில் இருக்கிறது. அண்டார்டிக் வட்டத்துக்குள்கூட இல்லை. புவியியல் தென்துருவத்திலிருந்து அது ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் தொலைவு. 1909 ஜனவரியில் எட்ஜ்வொர்த் டேவிட், டக்ளஸ் மாசன், அலிஸ்டர் மக்கே ஆகிய மூவரும் பனிமேல் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு நடந்தே அதைத் தேடிப் போனார்கள். இன்று போக வேண்டுமென்றால் கப்பல் வேண்டும். இரண்டு துருவங்களையும் நேர்கோட்டால் இணைத்தால் அது பூமியின் மையத்தைத் தொடாது.

பூமிக்குள் ஒரு சட்டக்காந்தம் படுத்திருப்பது போன்ற படத்தை நம்புவதால் வரும் தவறு இது. இரும்பு 770 பாகை செல்சியசுக்கு மேல் நிரந்தரக் காந்தத்தன்மையை இழந்துவிடும். பூமியின் நடுப்பகுதியான கருவமோ பல ஆயிரம் பாகை வெப்பத்தில் இருக்கிறது. அங்கே காந்தம் எதுவும் கிடக்க முடியாது. சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்கும் வெளிக்கருவத்தில் உருகிய இரும்பு புரண்டு ஓடுகிறது. அந்த ஓட்டம் உண்டாக்கும் மின்னோட்டங்களே காந்தப்புலத்தைப் பிறப்பிக்கின்றன. ஓட்டம் மாறினால் புலம் மாறும், புலம் மாறினால் துருவம் நகரும். கனடாவின் அடியிலும் சைபீரியாவின் அடியிலும் புலம் வலுத்த இரு பகுதிகள் உண்டு. கனடாவின் பக்கம் தளர்ந்ததால்தான் துருவம் சைபீரியாவை நோக்கிச் சாய்ந்தது என்பது இப்போதைய விளக்கம்.

சட்டக்காந்தக் கணக்குக்கும் ஒரு பயன் உண்டு. மொத்தப் புலத்துக்கும் மிக நெருக்கமாகப் பொருந்தும் கற்பனைக் காந்தம் ஒன்றைப் பூமியின் மையத்தில் வைத்தால், அதன் அச்சு மேற்பரப்பைத் தொடும் இடங்களைப் புவிக்காந்தத் துருவங்கள் என்கிறார்கள். வடக்கில் அது கனடாவின் எல்ஸ்மியர் தீவில் விழுகிறது. துருவ ஒளி தோன்றும் வளையம் ஏறத்தாழ இதைச் சுற்றியே அமைகிறது, ஊசி செங்குத்தாக நிற்கும் இடத்தைச் சுற்றி அல்ல. இணையத்தில் ஒரே துருவத்துக்கு இருவேறு ஆயங்கள் (அட்ச, தீர்க்க அளவுகள்) கிடைத்துத் தலைசுற்றினால், காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

வேகத்தைப் பற்றிய செய்திகளையும் தேதி பார்க்காமல் எடுத்தாளக் கூடாது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் காந்த வடதுருவம் ஆண்டுக்குப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் நகரவில்லை. 1990-களிலிருந்து வேகமெடுத்து ஐம்பதைத் தாண்டியது. உலகக் காந்த மாதிரி என்பது எந்த இடத்தில் புலம் எப்படி இருக்கும் என்று சொல்லும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் கணக்கு. துருவத்தின் அருகே பிழை அளவு மீறியதால் 2019-இல் அதைக் காலக்கெடுவுக்கு முன்பே திருத்த வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு வேகம் ஆண்டுக்கு சுமார் 35 கிலோமீட்டராகக் குறைந்துவிட்டது. ஐம்பதைத் தாண்டிய அந்தப் பழைய வேகத்தை வைத்துக்கொண்டு துருவம் எந்த ஆண்டில் எந்த ஊரைத் தொடும் என்று பெருக்கிச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். போதாக்குறைக்கு, சூரியன் சீறும் நாட்களில் துருவம் ஒரே நாளுக்குள் பல பத்து கிலோமீட்டர் அலைந்துவிட்டுத் திரும்பும். வரைபடத்தில் வைக்கும் புள்ளி சராசரி இடம்தான்.

நடைமுறையில் ஆளை வழிதவற வைப்பது வேறொன்று. ஊசி துருவத்தைக் குறிபார்ப்பதே இல்லை. நீங்கள் நிற்கும் இடத்தில் புலம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் அது திரும்புகிறது, அவ்வளவுதான். ரஷ்யாவின் கூர்ஸ்க் பகுதியில் அடியில் கிடக்கும் இரும்புத்தாது திசைகாட்டியைக் கன்னாபின்னாவென்று திருப்பிவிடும். ஊசியின் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் இடைப்பட்ட கோணமே காந்த ஒதுக்கம். அது இடத்துக்கு இடம் மாறும், ஆண்டுக்கு ஆண்டும் மாறும். லண்டனில் 1580-இல் அது கிழக்கே சுமார் 11 பாகை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கே சுமார் 24 பாகை. 2019-இல் கிரீன்விச்சில் இரண்டு வடக்குகளும் ஒன்றாகிவிட்டன.

ஆகவே பழைய வரைபடத்தின் ஓரத்தில் அச்சான ஒதுக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பக்கத்திலேயே அது எந்த ஆண்டுக்குரியது, ஆண்டுக்கு எவ்வளவு மாறும் என்ற குறிப்பு பெரும்பாலும் இருக்கும். பலர் அதைப் படிப்பதே இல்லை. பத்துப் பாகை பிசகினால் ஐந்து கிலோமீட்டர் நடந்த பிறகு போய்ச் சேர வேண்டிய இடம் ஏறத்தாழ 870 மீட்டர் தள்ளி இருக்கும்.

கூட்டுவதா கழிப்பதா என்பதில் விழும் தவறு இன்னும் மோசம். ஒதுக்கம் கிழக்கே 12 பாகை, ஊசி வாசிப்பு 40 என்று வைத்துக்கொள்வோம். உண்மைத் திசை 52. வரைபடத்திலிருந்து திசைகாட்டிக்குப் போகும்போது இதையே திருப்பிப் போட வேண்டும்: 52-ஐ 40 ஆக்க வேண்டும். குறியை மாற்றிப் போட்டவர் கழிப்பதற்குப் பதில் கூட்டி 64-க்குப் போய்விடுவார். 24 பாகை பிழை. ஒதுக்கத்தையே மறந்தவரின் பிழை 12 பாகைதான்.

விமான ஓடுபாதைகளின் எண்களிலும் இது தெரியும். பெரும்பாலான இடங்களில் ஓடுபாதையின் எண், அதன் காந்தத் திசையைப் பத்தால் வகுத்து முழுதாக்கியது. ஓடுபாதை அங்கேயே கிடக்கிறது, ஆனால் ஒதுக்கம் நகர்ந்துவிடுகிறது. அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸில் 2009-இல் 1 என்பதை 2 என்று மாற்றி எழுதினார்கள்.

செயற்கைக்கோள் வழிகாட்டி காந்தத்தை நம்புவதில்லை என்பது உண்மை. ஆனால் அசையாமல் நிற்கும்போது கைபேசி திரையில் திரும்பும் அம்பு, உள்ளே இருக்கும் காந்த உணரியின் வேலை. உண்மை வடக்கா, காந்த வடக்கா என்று தேர்ந்தெடுக்கும் வசதி பல கைபேசிகளின் அமைப்பில் இருக்கிறது. ஒருமுறை பார்த்து வைப்பது நல்லது.

துருவம் நகர்வதைக் கேட்டதும் பூமி தலைகீழாகப் போகிறது என்று கிளம்பும் காணொளிகளுக்குப் பஞ்சமில்லை. காந்தப்புலம் திசை மாறியிருப்பது உண்மை. கடைசியாக முழுதாக மாறியது ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகளுக்கு முன். அது நடந்து முடிய ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அதற்கு முறையான இடைவெளி எதுவும் கிடையாது, டைனோசர்களின் காலத்தில் மூன்றரைக் கோடி ஆண்டுகளுக்கும் மேல் மாறாமலே இருந்திருக்கிறது. ஆகவே ‘தவணை தாண்டிவிட்டது’ என்பது வெறும் பேச்சு. அப்படியே மாறினாலும் சுழலும் அச்சு மாறாது, சூரியன் கிழக்கில்தான் உதிக்கும். சுழற்சித் துருவமும் சற்றே தள்ளாடுகிறதே என்றால், ஆம், சில மீட்டர் அளவுக்கு.

தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஒன்று: ஊசியின் வடமுனையை ஈர்ப்பதால், வடக்கே உள்ள காந்தத் துருவம் இயற்பியல் கணக்கில் தென்முனை.

திசைகாட்டி வாங்குபவர்களுக்கு இன்னொன்று. வடக்கு நாடுகளுக்கென்று செய்த ஊசியில், அதன் வடமுனை கீழே சாயாதிருக்க எடை சமன் செய்திருப்பார்கள். அதை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனால் எதிர்முனை சாய்ந்து, ஊசி அடித்தட்டில் உரசி நின்றுவிடும். எந்த மண்டலத்துக்கு உரியது என்று பெட்டியில் பார்த்து வாங்க வேண்டும்.