டிவிஆர் பெட்டியில் கை வைக்கும் முன்

இரவு பத்தரை மணிக்கு மேல் எனக்கு வரும் போன் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "தம்பி, போலீஸ் வந்து கேமரா ரெக்கார்டிங் கேக்கிறாங்க, என்ன பண்ணட்டும்?" சென்னையில் பெரம்பூர், வியாசர்பாடி, கொளத்தூர் பக்கம் பதினெட்டு வருடமாக டீக்கடை, நகைக்கடை, அபார்ட்மென்ட் என்று கேமரா மாட்டிக்கொண்டிருக்கிறேன். சாமான் எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் எடுப்பது. கேமராப் படத்தைப் பதிந்து வைக்கும் டிவிஆர் பெட்டிகளில் பதிவானதைப் பற்றிச் சாட்சி சொல்ல நான்கு முறை கோர்ட் கூண்டில் ஏறியிருக்கிறேன். போனில் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன். கேமராவோடு, கையில் கட்டும் வாட்ச், பாக்கெட்டில் இருக்கும் போன் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில், அவசரம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு 2 மெகாபிக்சல் கேமரா விநாடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு நாளைக்குச் சுமார் 43 ஜிபி ஆகும். நான்கு கேமரா என்றால் 172 ஜிபி. சிறு கடைகளில் இருப்பது 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஆறாவது நாளே அது நிரம்பிவிடும். அப்புறம் பெட்டி தானாகவே பழைய பதிவின் மேல் புதியதை எழுத ஆரம்பிக்கும். புதிய வகைச் சுருக்கத்தில் பதிவு செய்யும் பெட்டி என்றால் பத்துப் பன்னிரண்டு நாள் தாங்கும், அவ்வளவுதான். "அடுத்த வாரம் வந்து எடுத்துக்கிறோம்" என்று யார் சொன்னாலும் நீங்கள் அதுவரை சும்மா இருக்கக்கூடாது. செட்டிங்கில் ஹார்ட் டிஸ்க் பகுதிக்குப் போய் 'ஓவர்ரைட்' என்பதை நிறுத்துங்கள். டிஸ்க் நிரம்பியதும் பதிவு நின்றுபோகும், பழையது அழியாது. டிஸ்க் ஏற்கெனவே நிரம்பிச் சுழன்றுகொண்டிருந்தால் மெனு வழியாக முறைப்படி ஷட்டவுன் செய்துவிடுங்கள். பிளக்கைப் பிடுங்காதீர்கள். பிடுங்கிய பெட்டிகளில் கடைசிக் கோப்பு திறக்காமல் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஷட்டவுன் செய்வதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நான் இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். கடிகாரத்தைப் பாருங்கள்.

சில வருடங்களுக்கு முன் நான் கேமரா போட்டுக் கொடுத்த ஒரு டீக்கடை. ராத்திரி பத்தேகாலுக்கு அந்தத் தெரு முனையில் ஒரு அம்மாவின் சங்கிலியைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். கடைப் பதிவில் 10:10-க்குத் தொப்பி போட்ட ஒரு பையன் வேகமாக நடந்து போகிறான். பக்கத்துத் தெரு ஆட்டோக்காரருடைய மகன், பத்தொன்பது வயது. இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்து விசாரித்தார்கள். அந்த நேரத்தில் எழும்பூரில் ஒரு ஹோட்டலில் வேலை செய்துகொண்டிருந்ததாக அவன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. மூன்றாம் நாள் அவன் அப்பா கடைக்காரரிடம் கெஞ்சி அந்தப் படத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அண்ணே, பத்து மணிக்கு நீங்க ஷட்டர் போட்டுடுவீங்களே, இதுல ஆளுங்க நின்னு டீ குடிக்கிறாங்களே?"

கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார். திரைக்குப் பக்கத்தில் என் போனை வைத்துப் பார்த்தேன். போனில் காலை 11:20. திரையில் மதியம் 1:50. கச்சிதமாக இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. நம் நேரம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால், சீன நேரம் எட்டு மணி முன்னால். பெட்டி வரும்போது சீன நேர மண்டலத்தில் இருந்திருக்கிறது. அதை மாற்றாமல் இன்டர்நெட்டிலிருந்து நேரம் எடுக்கும்படி விட்டிருக்கிறேன். விட்டது நான்தான். அந்தப் பையன் உண்மையில் நடந்து போனது இரவு 7:40-க்கு, வேலைக்குப் பஸ் பிடிக்க. எழுதிக் கொடுத்தேன், அவனை அனுப்பினார்கள். அந்த அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் மனசு ஆறியிருக்கும்.

அன்றிலிருந்து எல்லோருக்கும் சொல்வது இதுதான். திரையில் ஓடும் டிவிஆர் நேரமும் உங்கள் போன் நேரமும் ஒரே படத்தில் தெரியும்படி இன்னொரு போனில் போட்டோ எடுங்கள். வித்தியாசம் எத்தனை மணி, நிமிடம், விநாடி என்று பேப்பரில் எழுதித் தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்கள். முக்கியமாக, தவறாக இருக்கிறதே என்று கடிகாரத்தை அப்போது திருத்திவிடாதீர்கள். திருத்திவிட்டால் சம்பவ நாளில் எவ்வளவு தவறாக ஓடியது என்று காட்ட வழியே இல்லாமல் போய்விடும். உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி செத்துப்போன பெட்டியில் தேதியே இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் போயிருக்கும். அதையும் அப்படியே போட்டோ எடுத்து வையுங்கள்.

அடுத்தது நகல் எடுப்பது. மானிட்டரை போனில் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதை நகல் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். தேடுதலுக்கு அது உதவும், கோர்ட்டில் நிற்காது. வாட்ஸ்அப் கோப்பைச் சுருக்கிவிடுகிறது, கூட வரும் விவரங்கள் உதிர்ந்துபோகின்றன. புது பென் டிரைவ் ஒன்றைச் செருகி, பெட்டியின் 'பேக்கப்' மெனுவிலிருந்தே அதன் சொந்த வடிவத்தில் எடுங்கள். சம்பவத்துக்கு முன்னும் பின்னும் தலா ஒரு மணி நேரமாவது சேர்த்து எடுக்க வேண்டும். டீ குடித்துக்கொண்டிருந்த ஆட்கள் அந்தப் பதிவில் இருந்ததால்தானே ஒரு பையன் தப்பினான்! அப்புறம், சங்கிலி இழந்த அம்மாவின் முகம் தெரியும் படத்தை அபார்ட்மென்ட் குரூப்பில் போடாதீர்கள். அவர் வீட்டில் பேரப்பிள்ளைகளும் அதைப் பார்ப்பார்கள்.

நகல் எடுத்ததும் ஹேஷ் எண் எடுக்க வேண்டும். ஒரு கோப்புக்குக் கைரேகை மாதிரி அது. எஸ்எச்ஏ 256 முறையில் எடுத்தால் 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரிசை வரும். கோப்பில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் அந்த வரிசை மொத்தமாக மாறிவிடும். விண்டோஸ் கம்ப்யூட்டரிலேயே இதற்கு வசதி இருக்கிறது. தெரியாவிட்டால் உங்கள் டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள், பத்து நிமிட வேலை.

இப்போது சட்டம். 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பாரதிய சாக்ஷ்ய அதினியம் வந்துவிட்டது. மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுப்பது பற்றிய பழைய 65பி பிரிவின் இடத்தில் இப்போது 63-ஆம் பிரிவு. அதன் நான்காம் உட்பிரிவு கேட்கும் சான்றிதழுக்குச் சட்டத்தின் அட்டவணையிலேயே படிவம் கொடுத்திருக்கிறார்கள். ஏ பகுதி, பதிவைக் கொடுப்பவர் நிரப்புவது. எந்தக் கருவி, என்ன மாடல், நிறம், சீரியல் நம்பர், அது உங்களுக்குச் சொந்தமா நீங்கள் பராமரிப்பதா, ஹேஷ் எண் என்ன, எந்த முறையில் எடுத்தது என்றெல்லாம் கேட்கும். பி பகுதி நிபுணருக்கு உரியது. கேமரா மாட்டுகிறவன் என்ற முறையில் என்னிடம் சிலர் "நீயே பி பகுதியிலயும் போட்டுடு" என்று நீட்டியிருக்கிறார்கள். நான் போடுவதில்லை. நீங்களும் யாரிடமும் அப்படிக் கேட்காதீர்கள். ஒரு தவறான கையெழுத்தில் நல்ல பதிவு வீணாகிவிடும்.

இந்தக் காகிதம் சம்பிரதாயத்துக்குத்தானே என்று நினைக்க வேண்டாம். நகலைத் தாக்கல் செய்தால் சான்றிதழ் கட்டாயம் என்று 2014-இல் அன்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் அதையே உறுதிப்படுத்தியது. அசல் கருவியையே கொண்டுவந்து சொந்தக்காரர் கூண்டில் ஏறி நிரூபித்தால் சான்றிதழ் தேவையில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆனாலும் பெட்டியையே கொடுத்தாலும் அதிலிருந்து எடுக்கும் நகல்தான் பெரும்பாலும் கோர்ட்டில் ஓடும். அதனால் படிவத்தைத் தயார் செய்துவிடுவதே நல்லது.

போலீஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு போகும்போது நிதானமாக இருங்கள். பறிமுதல் மகஜரில், அதாவது எடுத்துப்போகும் பொருள்களின் பட்டியலில், மாடலும் சீரியல் நம்பரும் ஹார்ட் டிஸ்க்கின் எண்ணும் எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். படிவத்தை வெறுமனே விட்டுக் கையெழுத்துக் கேட்டால், "சார், எழுதினதும் போடுறேன்" என்று மரியாதையாகச் சொல்லலாம். பட்டியலுக்கு ஒரு நகல் கேட்டு வாங்குங்கள். சோதனையையும் பறிமுதலையும் வீடியோவில் பதிய வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு சொல்கிறது. மின்னணுக் கருவி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற வரிசையும் குற்றப்பத்திரிகையில் வர வேண்டும் என்று 193-ஆம் பிரிவில் இருக்கிறது. அந்த வரிசையில் முதல் கை உங்களுடையது.

போனாக இருந்தால் *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணை, அதாவது போனின் அடையாள எண்ணை, முன்கூட்டியே குறித்து வையுங்கள். பயத்தில் சாட் மெசேஜ்களை அழிப்பது, ரீசெட் போடுவது இதெல்லாம் கூடவே கூடாது. சாட்சியமாக வரக்கூடிய மின்னணுப் பதிவை வராமல் தடுக்க அழிப்பதே தனிக் குற்றம், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-ஆம் பிரிவு.

வாட்ச் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 2015 டிசம்பரில் ஒரு பெண் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். முகமூடி போட்ட ஒருவன் நுழைந்து சுட்டதாகக் கணவர் சொன்னார். அந்தப் பெண் இடுப்பில் அணிந்திருந்த, நடையை எண்ணும் ஃபிட்பிட் கருவி, கணவர் சொன்ன நேரத்துக்குச் சுமார் ஒரு மணி நேரம் கழித்தும் அவர் நடமாடியதைக் காட்டியது. 2022-இல் கணவருக்கு 65 ஆண்டு சிறை. அதே 2015-இல் ஆர்கன்சாவில் ஒரு கொலை வழக்கில் பேசும் ஸ்பீக்கரின் பதிவைப் போலீஸ் கேட்டது, நள்ளிரவு 1 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் 140 கேலன் தண்ணீர் ஓடியதாகச் சொன்ன ஸ்மார்ட் மீட்டரையும் காட்டியது. மீட்டரின் கடிகாரமே தவறு என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதிட்டார். 2017-இல் வழக்கு கைவிடப்பட்டது. அதைப் படித்தபோது எனக்கு டீக்கடைதான் ஞாபகம் வந்தது.

உங்கள் வாட்சில் இருக்கும் காலடி எண்ணிக்கையை வைத்து யாராவது கேள்வி கேட்டால், வாட்ச் அசைவைத்தான் எண்ணுகிறது என்பதை மறக்காதீர்கள். மூலக்கொத்தளம் பக்கம் பள்ளத்தில் பைக் ஓட்டினாலே என் கையில் அடிகள் ஏறும். அதனால் வாட்சை மட்டும் நம்பாமல் கூட இன்னொன்றையும் சேர்த்து வையுங்கள். மெட்ரோவில் கார்டு தட்டிய நேரம், யுபிஐயில் பணம் கட்டிய நேரம், சுங்கச்சாவடி ஃபாஸ்டேக் செய்தி, இவற்றில் இரண்டு ஒத்துப்போனால் பேச்சுக்கு வலு வரும். கூகுள் டைம்லைன் இப்போது போனிலேயே சேமிக்கப்படுகிறது, மாற்றி அமைக்காவிட்டால் மூன்று மாதத்தில் அழிந்துவிடும். அதை ஏற்றுமதி செய்து பார்க்கும்போது நேரம் கிரீன்விச் கணக்கில் இருக்கிறதா என்று கவனியுங்கள், ஐந்தரை மணி கூட்ட வேண்டியிருக்கும்.

குற்றம் சாட்டப்பட்ட பக்கம் நிற்பவர் உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம். அப்போது போலீஸ் எடுப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே அவன் போன வழியில் இருக்கும் கடை, பேங்க் ஏடிஎம், அபார்ட்மென்ட் எல்லாவற்றுக்கும் நடந்து போய், இந்தத் தேதி இந்த நேரப் பதிவை அழியாமல் வையுங்கள் என்று கடிதம் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். விசாரணை அதிகாரிக்கும் அதையே எழுதிக் கொடுங்கள். வக்கீல் மூலமாக நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆம் பிரிவில் பதிவைக் கொண்டுவரச் சொல்லி கோர்ட்டில் மனுப் போடலாம். இருந்த கேமராப் பதிவை அரசுத் தரப்பு காட்டாமல் விட்டால் அது அவர்களுக்கே எதிராகப் போகும் என்பதற்கு 2015-இல் வாரணாசி ஹோட்டல் மரண வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இருக்கிறது. 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஒரு பெண் வெட்டிக் கொல்லப்பட்ட காலையில் ஸ்டேஷனில் கேமராவே இல்லை. அதற்கப்புறம் 'மூன்றாவது கண்' திட்டத்தில் தெருத்தெருவாகக் கேமரா வந்தது. இன்று பதிவு எங்காவது இருக்கத்தான் செய்யும், ஆறு நாளைக்குள் கேட்க வேண்டும்.

கூண்டில் ஏறினால் உங்களிடம் கேட்கப்போவது பெரிய டெக்னிக்கல் கேள்வி இல்லை. சைதாப்பேட்டையில் ஒரு வக்கீலம்மா என்னிடம் கேட்டது இது: "இந்தத் திரையில் இருக்கும் நேரம் சரியானது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" நான் பையிலிருந்து நாற்பது பக்க நோட்டை எடுத்துக் காட்டினேன். நான் மாட்டிய ஒவ்வொரு பெட்டியின் மேலும் இப்போது அப்படி ஒரு நோட்டு நூலில் கட்டித் தொங்குகிறது. மாதம் முதல் தேதி கடைக்காரரே போன் நேரத்தையும் பெட்டி நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி இனிஷியல் போடுவார். அந்த டீக்கடை நோட்டில் அந்தப் பையன்தான் எழுதுகிறான், இப்போது என்னிடம் வேலை பார்க்கிறான். போன மாதம் அவன் எழுதியது: "போன் 6:02, டிவிஆர் 6:02, வித்தியாசம் 11 விநாடி."