குதிரையேறி மதுவிடுதிக்குச் செல்லும் நாள்: முதன்முறை கொண்டாடுவோருக்கான செய்முறை

அமெரிக்காவில் வேடிக்கைக்காகக் கொண்டாடப்படும் நாட்களுக்குப் பஞ்சமே இல்லை. அவற்றுள் ஒன்று, குதிரையில் ஏறி உள்ளூர் மதுவிடுதிக்குச் சென்று வரும் நாள். அதற்கு அரசு விடுமுறை கிடையாது. லாயத்திலிருந்து புறப்பட்டு, விடுதி வாசலில் குதிரையைக் கட்டிவிட்டு, உள்ளே சென்று எதையாவது சாப்பிட்டுக் குடித்து, வந்த வழியே திரும்பினால் கொண்டாட்டம் முடிந்தது. குதிரைக்கும் மதுவுக்கும் அந்நாட்டில் பழைய உறவு உண்டு. மதுவிலக்குக் காலத்தின் இறுதியில் பீர் விற்பனைக்கு மீண்டும் அனுமதி கிடைத்த 1933 ஏப்ரல் மாதத்தில், பட்வைசர் பீரைத் தயாரிக்கும் நிறுவனம் கிளைட்ஸ்டேல் இனக் குதிரைகள் பூட்டிய வண்டியை வீதியில் விட்டுத்தான் அதைக் கொண்டாடியது.

நான் தெற்குக் கலிஃபோர்னியாவின் நார்கோ நகரில் ஒரு பெண் குதிரையைப் பாதிக் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். மாதச் செலவில் பாதியை நான் ஏற்றுக்கொள்வதால், வாரத்தில் மூன்று நாட்கள் அது என் பொறுப்பில் இருக்கும். இந்த நாளைச் சில முறை கொண்டாடிய பிறகு எனக்குத் தெளிவாகப் புரிந்தது ஒன்றுதான்: குதிரையை ஓட்டிச் சென்று சேர்வது எளிது, கட்டிய இடத்தில் அது ஒரு மணி நேரம் பதறாமல் நிற்பதே கடினம். ஆகவே கீழே உள்ள படிகளில் சவாரியைவிட நிற்பதைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறேன்.

படி 1: உங்கள் மாநிலச் சட்டத்தைப் படித்துவிடுங்கள்

"குதிரை வாகனம் இல்லையே, குடித்துவிட்டு ஏறினால் யார் கேட்கப் போகிறார்கள்?" என்று முதல்முறை வருபவர்களில் ஒருவராவது கேட்பார். பதில் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. கலிஃபோர்னியாவின் வாகனச் சட்டம், சாலையில் விலங்கின் மீது ஏறிச் செல்பவருக்கும் வாகன ஓட்டிக்கு உள்ள உரிமைகளும் கடமைகளும் பொருந்தும் என்று கூறுகிறது. 2018-இல் லாங் பீச் பகுதியில் வெள்ளைக் குதிரையொன்றில் 91-ஆம் எண் விரைவுச் சாலைக்கே ஏறிவிட்ட ஒருவரைக் காவல்துறையினர் போதையில் ஓட்டிய குற்றத்துக்காகவே கைது செய்தனர். டெக்சஸில் அந்தக் குற்றப்பிரிவு மோட்டார் வாகனங்களுக்கு மட்டுமே உரியது என்பதால் குதிரைக்காரர் அதில் சிக்க மாட்டார், ஆனால் பொது இடத்தில் போதையில் இருந்ததற்காகப் பிடிபடலாம். கொலராடோவில் குடித்துவிட்டுக் குதிரையேறுவது அபராதத்துக்குரிய போக்குவரத்து விதிமீறல். மொன்டானாவின் சட்டத்தில் விலங்கு வாகனக் கணக்கில் வராது. அம்மாநிலப் போக்குவரத்துத் துறையே, மதுவிடுதி வாசலில் தன் எஜமானரை ஏற்றிச் செல்ல வந்து நிற்கும் குதிரையைக் காட்டி, குடித்துவிட்டுக் கார் ஓட்டாதீர்கள் என்று ஒரு விளம்பரம் எடுத்தது.

பென்சில்வேனியாவின் கதை இன்னும் சுவையானது. குடிபோதையில் குதிரையேறிச் சென்ற இருவர் மீதான வழக்கில், வாகனச் சட்டத்தின் விதிகளில் குதிரைச் சவாரிக்கு எவை பொருந்தும், எவை பொருந்தா என்பது தெளிவாக இல்லை என்று கூறி, அம்மாநில உச்ச நீதிமன்றம் 2004-இல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதற்கு உடன்படாத நீதிபதி மைக்கேல் ஈக்கின் தம் மாறுபட்ட தீர்ப்பில் செய்யுள் வரிகளையே எழுதி வைத்தார். இங்கிலாந்தில் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை, ஏனெனில் 1872-ஆம் ஆண்டின் உரிமச் சட்டம், பொது வழியில் குடிபோதையில் வண்டி, குதிரை, கால்நடை, நீராவி எந்திரம் ஆகியவற்றைப் பொறுப்பில் வைத்திருப்பதையே குற்றமாக்கியிருக்கிறது.

சட்டம் எப்படியிருந்தாலும், குதிரையேறிச் செல்லும் நாளில் நான் ஒரு சொட்டும் குடிப்பதில்லை, என்னுடன் வருபவர்களையும் குடிக்க விடுவதில்லை. தலைக்கவசம் அணிந்திருந்தாலும், தரையிலிருந்து எட்டடி உயரத்தில் இருக்கும் தலை போதையோடு சரிந்தால் என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை. "குதிரைக்கு வீட்டுக்கு வழி தெரியும்" என்பார்கள். லாயத்துக்கு வழி தெரியும் என்பது உண்மைதான், ஆனால் சிவப்பு விளக்கு எரியும்போது நிற்க அதற்குத் தெரியாது.

படி 2: குதிரையைத் தேர்ந்தெடுத்தல்

சொந்தமாகக் குதிரை இல்லாதவர்கள், வழிகாட்டியுடன் சவாரிக்கு அழைத்துச் செல்லும் பண்ணைகளை நாடுவதே நல்லது. தன்னைக் "கவ்பாய்களின் உலகத் தலைநகரம்" என்று அழைத்துக்கொள்ளும் டெக்சஸின் பண்டேராவில் இத்தகைய விருந்தினர் பண்ணைகள் பல உள்ளன. அழகான குதிரையையோ வேகமான குதிரையையோ கேட்காதீர்கள். போக்குவரத்தைக் கண்டு பழகிய, வயதில் மூத்த, சற்றே சோம்பலான குதிரையாகக் கேளுங்கள். இந்த ஒரு நாளுக்குச் சோம்பல் பெரிய தகுதி. நான் ஓட்டும் குதிரைக்குப் பதினேழு வயதாகிறது.

படி 3: நிற்கப் பழக்குதல்

புறப்படுவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே இதைத் தொடங்க வேண்டும். முதல் நாள், சவாரி முடிந்து குதிரை சற்றுக் களைத்திருக்கும் நேரத்தில், லாயத்தின் உறுதியான கம்பத்தில் பத்து நிமிடம் கட்டி வைத்து, அருகிலேயே வேறு வேலையைப் பார்த்துக்கொண்டிருங்கள். அடுத்தடுத்த நாட்களில் அதை இருபது, நாற்பது என்று கூட்டிக்கொண்டு போகலாம். பெரும்பாலான குதிரைகள் ஒரு கட்டத்தில் முன்காலால் தரையைப் பறிக்கத் தொடங்கும். அப்போது ஓடிச் சென்று அவிழ்த்துவிட்டால், பறித்தால் விடுதலை கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்ளும். எனவே அது ஓய்ந்து, தலையைத் தாழ்த்தி, ஒரு பின்காலைத் தளர்த்தி நிற்கும்வரை காத்திருந்து, அதன் பிறகே அவிழ்க்க வேண்டும். முதல் வாரத்தில் இது பொறுமையைச் சோதிக்கும்.

நிற்கப் பழகியபின், விடுதி வாசலில் அது கேட்கப்போகும் ஓசைகளை ஒவ்வொன்றாகத் தொலைவிலிருந்து அறிமுகப்படுத்துங்கள். பிளாஸ்டிக் பை காற்றில் சலசலப்பது, நாற்காலி சிமெண்டுத் தரையில் இழுபடுவது, ஒலிபெருக்கியில் பாட்டு, எல்லாவற்றுக்கும் மேலாக மோட்டார் சைக்கிள். இதே மதுவிடுதிகளுக்குப் பெரிய மோட்டார் சைக்கிள்களில் கூட்டமாக வருவோர் உண்டு, அவை ஒரே நேரத்தில் உறுமிக் கிளம்பும்போது பழகாத குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விடும்.

படி 4: வழியும் விடுதியும்

குதிரை நடந்தால் மணிக்குச் சுமார் நான்கு மைல் செல்லும். முதல்முறை செல்வோர் ஒரு வழிக்கு இரண்டு மைலுக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம், அரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். முந்தைய வாரமே அதே வழியில் கால்நடையாகச் சென்று, பாலம், குரைக்கும் நாய், கட்டுமானப் பணி எதுவும் குறுக்கிடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். "குதிரை நகரம்" என்று தன்னை அழைத்துக்கொள்ளும் நார்கோவில் இது எங்களுக்கு எளிது. இங்கே தெருவோரங்களில் நடைபாதைக்குப் பதிலாக மண் பரப்பிய குதிரைப்பாதைகள் இருக்கின்றன, கடைகளுக்கும் உணவகங்களுக்கும் முன்னால் குதிரை கட்டும் கட்டைகள் இருக்கின்றன, சந்திப்புகளில் சாலையைக் கடக்க அழுத்தும் பொத்தான்கூடச் சேணத்தில் அமர்ந்தவருக்கு எட்டும் உயரத்திலும் இருக்கிறது.

தார்ச்சாலையில் செல்ல நேர்ந்தால் நடைவேகம் மட்டுமே. இரும்பு லாடம் தாரிலேயே வழுக்கும், அதிலும் வெள்ளைக் கோடுகள் மீது சோப்பில் கால் வைத்ததுபோல வழுக்கும். ரப்பர் குளம்புக் காலணி மாட்டினால் நிம்மதி. அமெரிக்காவில் வாகனங்கள் செல்லும் திசையிலேயே, வலது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராகச் செல்ல வேண்டும்.

விடுதிக்கு முன்கூட்டியே தொலைபேசியில் பேசி, குதிரை கட்ட இடம் உண்டா, கூட்டம் குறைவான நேரம் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அரிசோனாவின் கேவ் கிரீக் போன்ற ஊர்களில் இக்கேள்வியைக் கேட்டு யாரும் சிரிக்க மாட்டார்கள். வேறு ஊர்களில் சிரித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள்.

படி 5: எடுத்துச் செல்ல வேண்டியவை

தலைக்கவசம், கடிவாளத்துக்கு அடியில் மாட்டும் ஹால்டர் (வாயில் இரும்பு இல்லாத தலைக்கட்டு), பத்தடிப் பருத்திக் கயிறு, மடக்கு வாளி, குளம்பில் சிக்கிய கல்லை எடுக்கும் கொக்கி, ஒளி பிரதிபலிக்கும் மேலாடை, குதிரை லத்தியை அள்ளுவதற்குச் சிறு முறமும் தடித்த பையும். கடைசியில் சொன்னவற்றைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

படி 6: கட்டுதல்

முதலாண்டில் நான் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன். விடுதி வாசலில் கட்டைகள் நிறைந்திருந்ததால், அன்றைய உணவுப் பட்டியலை எழுதி வைத்திருந்த மரப் பலகையின் காலில் கடிவாளத்தின் வாரைச் சுற்றிவிட்டு, ஒரு நிமிடம்தானே என்று உள்ளே எட்டிப் பார்த்தேன். குதிரை தலையை உயர்த்தியதும் பலகை கூடவே எழுந்தது, எழுந்த பலகையைக் கண்டு குதிரை பின்வாங்கியது, பின்வாங்கியதால் பலகை அதைத் துரத்தியது. தோல் வார் அறுந்ததால் பிழைத்தோம். முப்பதடி தள்ளிப் புல்வெளியில் நின்று மேய்ந்துகொண்டிருந்த குதிரையைப் பிடித்துப் பார்த்தபோது, கடிவாள இரும்பு இழுத்ததில் அதன் வாயோரம் கிழிந்து ரத்தம் கசிந்திருந்தது. இரண்டு வாரங்களுக்கு அதன் வாயில் இரும்பு வைக்கவில்லை.

ஆகவே, கடிவாளத்தால் ஒருபோதும் கட்டாதீர்கள். இறங்கியதும் வயிற்றுவாரை ஒரு துளை தளர்த்தி, கடிவாளத்தைக் கழற்றிச் சேணத்தின் கொம்பில் மாட்டிவிட்டு, ஹால்டரில் கயிற்றைப் பூட்டுங்கள். மண்ணில் புதைத்து நிறுத்திய கம்பத்தில் மட்டுமே கட்டுங்கள். முடிச்சு குதிரையின் கண் மட்டத்தில் இருக்க வேண்டும், முடிச்சுக்கும் தாடைக்கும் இடையே இரண்டடிக் கயிறு போதும். அதற்கு மேல் விட்டால், குனிந்து மேயும்போது முன்கால் கயிற்றைத் தாண்டிவிடும்.

முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். கயிற்றைக் கம்பத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, அதன் வால் முனையைக் குதிரைப் பக்கத்துக் கயிற்றின் மேல் குறுக்காகப் போட்டால், 4 என்ற எண்ணைப் போல ஒரு வடிவம் கிடைக்கும். வால் முனையை முழுவதும் நுழைக்காமல் மடித்து, அந்த மடிப்பை மட்டும் குதிரைப் பக்கத்துக் கயிற்றுக்கு அடியால் கொண்டுபோய், 4-இன் கண்ணுக்குள் செருகி, பிறகு குதிரைப் பக்கத்துக் கயிற்றை இழுத்து இறுக்குங்கள். தொங்கும் வாலை இழுத்தால் முடிச்சு உருவிக்கொண்டு வரும், குதிரை இழுத்தால் இன்னும் இறுகும். ஊரில் மாடு கட்டிப் பழகிய கைகளுக்கு இது ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். வாலைப் பல்லால் இழுத்து முடிச்சை அவிழ்க்கக் கற்ற குதிரைகளும் உண்டு. அவற்றுக்கு மட்டும் வால் முனையை அந்த மடிப்பின் வளையத்துக்குள் நுழைத்து வையுங்கள், அவசரத்தில் அதை முதலில் வெளியே எடுத்துவிட்டு இழுக்க வேண்டும்.

படி 7: உள்ளே, வெளியே

ஒருவராவது எப்போதும் குதிரை தெரியும் இடத்தில் அமர்ந்திருக்க வேண்டும். நாங்கள் நால்வர் செல்வோம், கால் மணிக்கு ஒருவர் வீதம் முறை வைத்துக்கொள்கிறோம். எனக்கு வழக்கமாக ரூட் பீர், பெயரில்தான் பீர், மது கிடையாது. முக்கால் மணி நேரம் முதல்முறைக்குப் போதும்.

குதிரைக்கு ஒரு வாய் பீர் ஊற்றிப் பார்க்கலாமா என்று கேட்பவர் அங்கே நிச்சயம் இருப்பார். அயர்லாந்தின் புகழ்பெற்ற பந்தயக் குதிரையான ஆர்க்கிளுக்குத் தீவனத்தோடு கின்னஸ் கொடுத்தார்கள் என்ற கதையையும் அவர் எடுத்து விடுவார். சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள். தண்ணீர் மட்டும், அதுவும் உங்கள் வாளியிலிருந்து. பல குதிரைகள் வாய் வைத்த பொதுத் தொட்டியின் வழியே ஸ்ட்ராங்கிள்ஸ் என்ற தொண்டைக் கட்டி நோய் பரவக்கூடும்.

குழந்தைகள் தொட்டுப் பார்க்க ஓடி வருவார்கள். குதிரையின் நேர் பின்னாலும், மூக்குக்கு நேர் எதிரிலும் உள்ளவை அதன் கண்ணுக்குத் தெரியா, எனவே தோள் பக்கமாக வரச் சொல்லி, கழுத்தைத் தடவ விடுங்கள். பக்கத்துக் குதிரையின் வாலில் சிவப்பு நாடா கட்டியிருந்தால் அது உதைக்கும் குதிரை என்று பொருள், உங்கள் குதிரையைத் தள்ளிக் கட்டுங்கள். லத்தி விழுந்தால் உடனே அள்ளிவிடுங்கள். ஆயிரம் பவுண்டு எடையுள்ள குதிரை நாளொன்றுக்குச் சுமார் ஐம்பது பவுண்டு லத்தி போடும், அதில் ஒரு பங்கு உங்கள் முறையின்போது விழாமல் இருக்காது. அடுத்த ஆண்டு அந்த விடுதி உங்களை வரவேற்குமா என்பது இதைப் பொறுத்தே இருக்கிறது.

படி 8: திரும்புதல்

ஏறுவதற்கு முன் வயிற்றுவாரை இறுக்கி, பத்தடி நடத்திச் சென்று மறுபடியும் இறுக்குங்கள், ஏனெனில் முதல் இறுக்கலின்போது பல குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். லாயத்தை நோக்கித் திரும்பியதும் எந்தச் சோம்பல் குதிரைக்கும் கால் முளைத்துவிடும். வேகம் கூடினால் கடிவாளத்தைப் பிடித்து இழுத்துப் போராடாமல், இடம் இருந்தால் ஒரு சிறு வட்டம் அடித்துவிட்டு மீண்டும் நடைக்குக் கொண்டுவாருங்கள். பொழுது சாய்வதற்குள் வீடு சேர்வதே நல்லது. கலிஃபோர்னியாவில் 2022 முதல், இருட்டிய பிறகு தார்ச்சாலையில் குதிரையேறிச் செல்வோர் ஒளி பிரதிபலிக்கும் ஆடையோ விளக்கோ அணிய வேண்டும் என்றும், பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டோர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்றும் சட்டமே இருக்கிறது.

லாயம் வந்ததும் சேணத்தை இறக்கி, வியர்வை பிடித்த முதுகைத் தேய்த்துவிட்டு, உடனே தீவனத்துக்கு விட்டுவிடாமல் பழைய கம்பத்தில் இன்னும் பத்து நிமிடம் கட்டி வையுங்கள். வீடு வந்தாலே விடுதலை என்று அதற்குத் தோன்றிவிட்டால், அடுத்த முறை திரும்பும் வழியில் அது நடக்காது, ஓடும். என் குதிரை முதல் இரண்டு நிமிடம் தரையைப் பறிக்கும். பிறகு கீழுதடு தொங்க, ஒரு பின்காலை மடித்து நின்றுகொண்டே தூங்கத் தொடங்கிவிடும், நான் வாளியையும் லத்திப் பையையும் கழுவி வைப்பேன்.