தமிழ் வலைப்பக்கம்: கொம்பும் சுழியும் சிதையாமல் எழுத்தை வடிவமைக்க

ஆங்கிலப் பக்கத்துக்கு எழுதிய ஸ்டைல் கோப்பை (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்) தமிழ்ப் பக்கத்தில் அப்படியே போட்டாலும் பக்கம் திறக்கும். ஆனால் ‘கீ’யின் மேற்சுழி வெட்டுப்படும், ‘நூ’வின் கீழ்ப்பகுதி அடுத்த வரியில் இடிக்கும், தடித்த ‘ண’ மைப்பொட்டாகிவிடும். பக்கத்தின் கட்டமைப்பை எழுதும் எச்டிஎம்எல்லில் தவறு இருக்காது. லத்தீன் எழுத்துக்குப் பொருந்தும் அளவுகள் தமிழுக்குப் பொருந்தாததுதான் காரணம். (எச்டிஎம்எல்லின் குறிகளான டேக், சிஎஸ்எஸ்ஸின் அமைப்புகளான ப்ராப்பர்ட்டி ஆகியவற்றின் பெயர்களை இங்கே ஒலிப்புப்படி எழுதியிருக்கிறோம், கோப்பில் அவற்றை ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்.)

தொடக்கம் ஹெட் பகுதியில். மெட்டா டேக்கில் சார்செட் யுடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்துகளைக் கோப்பில் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) என்று குறியுங்கள். அதை டைட்டிலுக்கு முன்பே வையுங்கள். கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் இந்த அறிவிப்பு இருக்க வேண்டும் என்பது விதி. யுடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறி 3 பைட் பிடிக்கும். ‘கொ’ என்றால் மெய்யுருவும் உயிர்க்குறியுமாக 6. நீளமான தமிழ்த் தலைப்பும் விவரக்குறிப்பும் முன்னால் நின்றால் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். அடுத்து, எச்டிஎம்எல் டேக்கில் லாங் பண்புக்கு டி-ஏ என்ற மதிப்பைக் கொடுங்கள். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் எந்தக் குரலில் படிப்பது என்பதை இதைப் பார்த்துத்தான் முடிவு செய்யும்.

பாமினி, வானவில் எழுத்துருக்களில் தட்டிய பழைய கோப்புகளை முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். எழுத்துருவை மட்டும் பக்கத்தோடு இணைத்துச் சமாளித்தால் திரையில் தமிழ் தெரியும். தேடுபொறிக்கும் நகலெடுப்பவருக்கும் ஆங்கிலக் குப்பைதான் கிடைக்கும்.

பத்தி, தலைப்பு, அழுத்தம்

ஒவ்வொரு பத்தியும் ஒரு பி டேக்குக்குள். பத்திக்கு இடைவெளி வேண்டுமென்று இரண்டு பி-ஆர் (வரியை உடைக்கும் டேக்) போடுவது நிறையப் பக்கங்களில் இருக்கிறது. பிறகு இடைவெளியைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லாமல் போகும். பி-ஆருக்கு உரிய இடம் செய்யுளும் முகவரியும். குறள் வெண்பாவில் நான்காம் சீருக்குப் பின் ஒரு பி-ஆர் போதும். இரண்டு அடியும் ஒரே பி-க்குள் இருக்கட்டும். பல ஸ்பேஸ் தட்டி அடியை உள்தள்ளினால் பிரவுசர் அத்தனையையும் ஒரே ஸ்பேஸாக்கிவிடும். உள்தள்ள மார்ஜின்-லெஃப்ட் இருக்கிறது.

தலைப்புக்கு எச்-1 முதல் எச்-6 வரை. எழுத்து எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று பார்த்து இவற்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எச்-2க்குக் கீழே எச்-3 வரட்டும். அளவு பிடிக்கவில்லையென்றால் சிஎஸ்எஸ்ஸில் மாற்றிக்கொள்ளலாம். ஃபான்ட், சென்டர் டேக்குகளை 1997இல் வந்த எச்டிஎம்எல் 4 பதிப்பே தவிர்க்கச் சொல்லிவிட்டது.

முக்கியமான எச்சரிக்கைக்கு ஸ்ட்ராங், சொல்லில் அழுத்தம் தர இ-எம். இ-எம்மில்தான் சிக்கல். பிரவுசர் அதைச் சாய்வெழுத்தாகக் காட்டும். தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் சாய்வு வடிவமே இல்லாததால், நேரெழுத்தைப் பிடித்துச் சாய்த்துவிடும். பார்க்கக் காற்றில் சரிந்த பந்தல்போல் இருக்கும். இ-எம்முக்கு ஃபான்ட்-ஸ்டைல் நார்மல், ஃபான்ட்-வெயிட் 600 என்று எழுதிவிடுங்கள். தமிழில் அழுத்தம் தர ‘தான்’ இருக்கிறது, ஏகாரம் இருக்கிறது. பல இடங்களில் டேக்கே தேவைப்படாது.

ஸ்ட்ராங்கிலும் இதே கதை நடக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் 100 முதல் 900 வரை தடிமன் உண்டு. ஆனால் பக்கத்தில் 400-ஐ மட்டும் ஏற்றியிருந்தால், பிரவுசர் கோட்டைச் செயற்கையாகத் தடிக்க வைக்கும்; ண, ழ போன்ற எழுத்துகளின் உள்வெளி அடைந்துபோவது அதனால்தான். 400, 700 இரண்டையும் ஏற்றுங்கள்.

அளவுகள்

உடல் எழுத்துக்கு 17 அல்லது 18 பிக்சல். லைன்-ஹைட் (வரியின் உயரம்) 1.6 முதல் 1.8 வரை, பிக்சல் என்று சேர்க்காமல் வெறும் எண்ணாக. அப்போதுதான் தலைப்பின் அளவுக்கேற்ப அதுவும் கூடும். வரியின் அகலத்தை சி-எச் அலகில் கட்டுப்படுத்தாதீர்கள். அது அந்த எழுத்துருவின் 0 என்ற இலக்கத்தின் அகலம். தமிழ் எழுத்துகள் பல அதைவிட அகலமானவை. மேக்ஸ்-விட்த் 32 முதல் 36 இ-எம் வரை என்றால் கண்ணுக்கு இதம் (இந்த இ-எம் டேக் அல்ல, எழுத்தின் அளவை ஒட்டிய அலகு). பொத்தான், மெனு ஆகியவற்றுக்கு நிலையான உயரம் கொடுத்து ஓவர்ஃப்ளோ ஹிடன் போட்டால் மேற்சுழி வெட்டுப்படும். உயரத்தை விட்டுவிட்டு மேலும் கீழும் பேடிங் (உள் இடைவெளி) கொடுங்கள்.

எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டும் லெட்டர்-ஸ்பேசிங்கைத் தமிழில் தொடவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு அழகு தரும் அந்த இடைவெளி, தமிழ்ச் சொல்லை உதிரி உதிரியாக்கிவிடும்.

ஒரே எழுத்துக்குள் டேக்கை நுழைக்கவும் கூடாது. குழந்தைகளுக்கான பாடத்தில் உயிர்க்குறியை மட்டும் சிவப்பாகக் காட்ட, ‘க’வுக்கும் ‘ொ’வுக்கும் நடுவே ஸ்பேன் டேக் போடுவார்கள். குறி தன் எழுத்திலிருந்து பிரிந்து புள்ளிவட்டத்தோடு நிற்கலாம். அந்த இடத்துக்குப் படமோ, கோடுகளாக வரையும் எஸ்விஜி-யோதான் வழி.

வரி மடிப்பு

வரியின் இரு ஓரமும் சீராக்கும் டெக்ஸ்ட்-அலைன் ஜஸ்டிஃபை செய்தித்தாள் பத்திபோல் இருக்குமென்று ஆசைப்பட வைக்கும். தமிழில் சந்தி சேர்ந்த சொற்கள் நீளமானவை. கைபேசியில் ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொற்களே விழும், நடுவே பள்ளம் பள்ளமாக இடைவெளி. இடப்பக்கம் மட்டும் சீராக விடுங்கள். மிக நீண்ட சொல் திரையைத் தாண்டினால் ஓவர்ஃப்ளோ-ராப் பிரேக்-வேர்ட் போதும். சொல்லை எங்கே வேண்டுமானாலும் உடைக்கும் வேர்ட்-பிரேக் பிரேக்-ஆல் போட்டால் வரி ‘ட்’ என்றோ ‘ற்’ என்றோ தொடங்கக்கூடும்; புள்ளியெழுத்தில் வரி தொடங்குவது கண்ணை உறுத்தும். எங்கே மடியலாம் என்று நீங்களே சொல்ல வேண்டுமானால் டபிள்யூ-பி-ஆர் டேக் இருக்கிறது. மடியும் இடத்தில் அது கோடு போடாது.

‘ரூ.’ ஒரு வரியிலும் ‘500’ அடுத்த வரியிலும் போகாதிருக்க, இடையில் என்-பி-எஸ்-பி (வரி உடையாத ஸ்பேஸ்). வரிசைப் பட்டியலில் ௧, ௨, ௩ வேண்டுமென்றால் லிஸ்ட்-ஸ்டைல்-டைப்பில் தமிழ் என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் போதும். எண்ணைக் கையால் தட்டத் தேவையில்லை.

தட்டச்சில் ஒரு கண்ணி: ‘கௌ’வைக் ககரம், கொம்பு, ளகரம் என்று தட்டினாலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் பக்கத்தில் ‘கௌரவம்’ என்று தேடினால் அகப்படாது.

வெளியிடும் முன் ‘ஸ்ரீ, கௌ, டீ, ஞூ, க்ஷூ’ என்ற வரியைத் தலைப்பு, பத்தி, பொத்தான், அட்டவணை நான்கிலும் போட்டு, 360 பிக்சல் அகலத்தில் ஒருமுறையும் 200 சதவீதம் பெரிதாக்கி ஒருமுறையும் பாருங்கள்.